கல்வெட்டைப் பார்க்காதீர்கள், கைப்பம்பை அடித்துப் பாருங்கள்: கிராம மேம்பாட்டுத் தொண்டுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஒரு தொண்டு நிறுவனம் ஒரு கிராமத்தில் என்ன செய்தது என்று தெரிந்துகொள்ள அதன் ஆண்டறிக்கையைப் புரட்ட வேண்டியதில்லை. அவர்கள் போட்டுக் கொடுத்த கைப்பம்பின் பிடியைப் பத்து முறை அடித்துப் பார்த்தால் போதும். தண்ணீர் வந்தால் நல்லது. வராவிட்டால் பக்கத்தில் நிற்பவரிடம், இதை யார் சரிசெய்வார்கள் என்று கேளுங்கள். “போட்டவங்கதான் வரணும்” என்று பதில் வந்தால் வேலை பாதியில் நிற்கிறது என்று அர்த்தம், திறப்பு விழாக் கல்வெட்டு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும்.

புதிதாகத் தொண்டு நிறுவனம் தொடங்குபவர்களுக்கும், களப்பணியாளராக இப்போதுதான் சேர்ந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நாம் போன பிறகு இதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற ஒரே கேள்வியை ஒவ்வொரு படியிலும் விடாமல் கேட்பதுதான் இதில் உள்ள முறை. உதாரணங்கள் பெரும்பாலும் தண்ணீரைச் சுற்றியே வரும். பள்ளிக்கூடமோ மருந்தகமோ கெட்டுப்போவது வெளியே தெரிய வருடக்கணக்கில் ஆகலாம். தண்ணீர் நின்றால் மறுநாள் காலையிலேயே தெரிந்துவிடும்.

படி 1: எதையும் முடிவு செய்யாமல் ஊரைச் சுற்றுங்கள்

முதல் சில மாதங்களுக்கு எதையும் கட்டாதீர்கள், எதையும் தருவதாக வாக்குக் கொடுக்காதீர்கள். நன்கொடையாளர் அவசரப்படுத்துவார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராபர்ட் சேம்பர்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1980-களில் நம்மைப் போன்றவர்களின் பயணங்களுக்குக் ‘கிராம மேம்பாட்டுச் சுற்றுலா’ என்று பெயர் வைத்தார். தார்ச்சாலை போகும் ஊருக்குத்தான் போவோம். மழை இல்லாத மாதத்தில்தான் போவோம். ஊர்ப் பெரியவர்களோடு, அதிலும் ஆண்களோடு மட்டும் பேசுவோம். ஏற்கெனவே ஒரு திட்டம் நடக்கும் இடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம். இத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்தக் கிண்டல் பழசாகவில்லை. அதனால் சாலை முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் கடைசி வீடு வரை நடங்கள். அடைமழையில் ஒரு தடவை, விடியற்காலையில் ஒரு தடவை, இருட்டிய பிறகு ஒரு தடவை போங்கள்.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு ஊரில் காலை பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தோம். நாற்பது பேர் வந்தார்கள், அதில் பெண்கள் மூன்றே பேர். சமுதாயக் கூடம் வேண்டும் என்று ஒருமனதாகச் சொன்னார்கள். நானும் சந்தோஷமாகக் குறித்துக்கொண்டு வந்தேன். அடுத்த வாரம் ஏதோ வேலையாக விடியற்காலை ஐந்து மணிக்கு அங்கே போனபோதுதான் ஊரின் இன்னொரு கூட்டத்தைப் பார்த்தேன். அது குடங்களோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தது. ஒரு பாட்டியிடம் கூடத்தைப் பற்றி அபிப்பிராயம் கேட்டேன். “கட்டுங்க தம்பி, வேணாங்கல. வரிசையில நிக்கிறவங்க நிழல்ல நிக்கலாம்” என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சுற்றிப் பார்த்த பிறகு வரைபடம். மக்கள் பங்கேற்புடன் கிராமத்தை மதிப்பிடும் முறையில் இதுதான் எளிய கருவி. சுத்தமான ஒரு மண் தரை, ஒரு குச்சி, கொஞ்சம் கல், விதை, இலை, சாம்பல் இருந்தால் போதும். ஊரைத் தரையில் வரையச் சொல்லுங்கள். குச்சி யார் கையில் இருக்கிறது என்று கவனியுங்கள். உங்கள் கையில் இருந்தால் அது உங்கள் படம். ஆண்களையும் பெண்களையும் தனித்தனியாக வரையச் சொல்லி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆண்கள் படத்தில் சாலை, பள்ளி, கடை, வயல் எல்லாம் சரியாக இருக்கும். பெண்கள் படத்தில் எந்தக் கிணறு எந்த மாதத்தில் வற்றும் என்பதும், இருட்டிய பிறகு எந்த வழியில் போகமாட்டார்கள் என்பதும் வந்துவிடும். நாளெல்லாம் பேட்டி எடுத்தாலும் கிடைக்காத விஷயம் இது.

அப்புறம் பருவ நாட்காட்டி. தரையில் பன்னிரண்டு கட்டம் போட்டு, தண்ணீர்த் தட்டுப்பாடு, கூலி வேலை, கடன், காய்ச்சல் ஒவ்வொன்றுக்கும் மாதம் மாதமாகக் கல் வைக்கச் சொல்லுங்கள். எந்த மாதத்தில் கடன் கற்கள் குவிகின்றனவோ அந்த மாதத்தில் ஊரிடம் பங்குத் தொகை கேட்காதீர்கள். ஊர் வரைபடங்களையும் இந்த நாட்காட்டியையும் நோட்டில் வரைந்து தேதி போட்டு, ஒரு பிரதியை ஊரிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள். நம் ஆட்கள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான்.

படி 2: ‘தண்ணீர் இல்லை’ என்றால் என்ன அர்த்தம்?

ஊற்றே இல்லாமல் இருக்கலாம். ஊற்று இருந்து பம்பு கெட்டிருக்கலாம். பம்பு ஓடியும் ஒரு தெருவை எடுக்கவிடாமல் இன்னொரு தெரு தடுக்கலாம். எல்லாம் சரியாக இருந்தும் தூரம் அதிகமாக இருக்கலாம். நாலுக்கும் மருந்து வேறு. இரண்டாவதுதான் காரணம் என்றால் புதுக் குழாய்க் கிணறு தேவையே இல்லை, பழையதைச் சரிசெய்தால் போதும். பழுது பார்ப்பதற்குத் திறப்பு விழா கிடையாது என்பதால் நிறுவனங்களுக்கு இதில் ஆர்வம் குறைவு. மூன்றாவது காரணமாக இருந்தால் எத்தனை கிணறு தோண்டினாலும் தீராது.

தூரத்தை அளக்க ஒரு அளவுகோல் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து நடத்தும் கண்காணிப்புத் திட்டத்தில், போய் வரிசையில் நின்று எடுத்துத் திரும்ப 30 நிமிடத்துக்குள் முடிந்தால்தான் அதை அடிப்படைக் குடிநீர் வசதி என்று கணக்கில் சேர்ப்பார்கள். கையில் கடிகாரத்தோடு ஒருவருடன் நடந்து பாருங்கள், சும்மா கேட்காதீர்கள்.

உள்ளாட்சி அமைப்பு செய்ய வேண்டிய வேலையை நாம் எடுத்துச் செய்துவிட்டால் அவர்கள் நிம்மதியாக ஒதுங்கிக்கொள்வார்கள். அப்படிப்பட்ட இடத்தில் மனு எழுத உதவுவதும், அலுவலகத்துக்குக் கூடவே போவதும்தான் நம் வேலை.

சோதனை செய்யாமல் எதையும் கொடுக்கவே கூடாது. வங்கதேசத்தின் கதையை ஒவ்வொரு களப்பணியாளரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். குளத்து நீரைக் குடித்து வயிற்றுப்போக்கில் குழந்தைகள் சாவதைத் தடுக்க 1970-களிலிருந்து அங்கே யுனிசெஃப் உதவியோடு ஏராளமான குழாய்க் கிணறுகள் போடப்பட்டன. நல்ல எண்ணம்தான். அந்தக் காலத்தில் நிலத்தடி நீரில் ஆர்சனிக் என்ற நச்சுப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் இல்லை. 1993-ல் கிணறுகளில் ஆர்சனிக் இருப்பது உறுதியானது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அதைத் தாண்டிய தண்ணீரைக் கோடிக்கணக்கானவர்கள் ஆண்டுக்கணக்கில் குடித்துவந்திருந்தார்கள். நம் கிணறு எவ்வளவு சிறியதாக இருந்தாலும், ஆய்வகச் சான்று கைக்கு வருவதற்கு முன் ஒரு குடம்கூட நிரம்பக் கூடாது.

படி 3: பேச்சை எழுத்தில் வையுங்கள்

யார் இடம் கொடுப்பார், யார் குழி தோண்டுவார், ஊர் எவ்வளவு பணம் போடும், நாம் எவ்வளவு போடுவோம், எந்தத் தேதியில் நாம் கிளம்புவோம். இத்தனையும் ஒரே பக்கத்தில், ஊர் மொழியில் இருக்க வேண்டும். கூட்டத்தில் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள், வாசிக்கத் தெரியாதவர்களும் அதில் கைநாட்டு வைக்கப் போகிறார்கள். கிளம்பும் தேதியை முதல் நாளே எழுதுவது கொஞ்சம் கல்நெஞ்சமாகத் தெரியும். பரவாயில்லை.

ஊர்ப் பங்கு வாங்குவதில் இரண்டு கட்சி உண்டு: செலவை ஊரே ஏற்க வேண்டும் என்பது ஒன்று, அது ஏழைகளை நெருக்கும் என்பது இன்னொன்று. கமல் கர் என்பவர் 1999–2000 வாக்கில் வங்கதேசத்தில் ராஜ்ஷாஹி மாவட்டத்தின் மொஸ்மொய்ல் கிராமத்தில் ஒரு முறையைத் தொடங்கினார். கழிப்பறைக்கு ஒரு காசு மானியம் தராமல், திறந்தவெளியில் போவதால் என்ன நடக்கிறது என்பதை ஊர்மக்களே பார்த்துத் தாங்களே முடிவெடுக்க வைப்பது. அது பல நாடுகளுக்குப் பரவியது. சொந்த முடிவில் கட்டிய கழிப்பறையில் விறகு அடுக்கமாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த முறையில் கூச்சப்பட வைப்பதும் ஒரு ஆயுதம். நிலமே இல்லாதவரையும் தனியாக வாழும் முதியவரையும் ஊரே சேர்ந்து அவமானப்படுத்தும் அளவுக்கு அது போன இடங்கள் உண்டு. என் நிலைப்பாடு இது: ஊர்ப் பங்கு கட்டாயம் வேண்டும், ஆனால் யாருக்கு விலக்கு என்பதை முதல் கூட்டத்திலேயே ஊர் முடிவு செய்ய வேண்டும். பணம் இல்லாதவர் உழைப்பைத் தரட்டும். அதுவும் முடியாதவரின் பெயரைச் சத்தமாகப் படிக்காதீர்கள்.

படி 4: கருவியும் இடமும்

இங்கேதான் பணமும் பேரும் சேர்ந்து கண்ணை மறைக்கும். தென்னாப்பிரிக்காவில் பிளேபம்ப் என்று ஒன்று வந்தது. குழந்தைகள் ராட்டினம் சுற்றி விளையாடினால் நிலத்தடி நீர் மேலே தொட்டிக்கு ஏறும். பார்க்க எவ்வளவு அழகு! 2006-ல் அமெரிக்காவில் இதற்குப் பெரிய நிதி அறிவிப்பு வந்தது. ஒரு பம்பு 2,500 பேருக்குத் தண்ணீர் தரும் என்றார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். தலைக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் என்றால் 37,500 லிட்டர். தயாரிப்பாளர் சொன்ன வேகமே மணிக்கு 1,400 லிட்டர்தான். அப்படியானால் குழந்தைகள் நாளொன்றுக்குச் சுமார் 27 மணி நேரம் விளையாட வேண்டும். பல இடங்களில் கடைசியில் பெண்கள்தான் அந்த ராட்டினத்தைக் கையால் தள்ளிச் சுற்றினார்கள். 2010-ல் அந்தத் திட்டத்தை முன்னெடுத்த அமைப்பு ஒதுங்கிக்கொண்டது. காகிதத்தில் ஐந்து நிமிடம் பெருக்கி வகுத்திருந்தால் தெரிந்திருக்கும்.

சாதாரணக் கைப்பம்புக்கும் இதே கணக்கு உண்டு. பேரிடர் நிவாரணத்துக்கான ஸ்பியர் தரநிலை ஒரு கைப்பம்புக்கு அதிகபட்சம் 500 பேர் என்கிறது. நிமிடத்துக்கு 17 லிட்டர் வந்தால் 500 பேருக்குத் தலா 15 லிட்டர் எடுக்கச் சுமார் ஏழரை மணி நேரம் இடைவிடாமல் அடிக்க வேண்டும். அது அவசர காலத்துக்கான அளவு. நிரந்தர ஏற்பாட்டில் இதைவிடக் குறைவான ஆட்களுக்கே திட்டமிடுங்கள்.

இந்தியா மார்க் 2, மார்க் 3 என்ற இரண்டு பம்புகளின் வித்தியாசத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். யாரால் பழுது பார்க்க முடியும் என்ற கேள்விக்குக் கருவியின் அமைப்பிலேயே பதில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. மார்க் 2 முரட்டுத்தனமான, நீடித்து உழைக்கிற பம்பு. ஆனால் கீழே சிலிண்டருக்குள் இருக்கும் சின்ன வாஷர் தேய்ந்துவிட்டால், அதை மாற்ற நிலத்துக்குள் இறங்கும் குழாய்கள் மொத்தத்தையும் மேலே தூக்க வேண்டும். அதற்குத் தனிக் கருவி, நாலைந்து ஆள், ஒரு வண்டி. ஊரில் இவை இருக்காது. எனவே வெளியிலிருந்துதான் ஆள் வர வேண்டும். மார்க் 3-ல் இறங்கும் குழாயின் விட்டம் பெரிது, 65 மில்லிமீட்டர். அதற்குள்ளேயே கம்பியைப் பிடித்து இழுத்தால் பிஸ்டனும், ஏறிய நீரைக் கீழே இறங்கவிடாமல் தடுக்கும் அடிவால்வும் மேலே வந்துவிடும். குழாயைத் தொடவே வேண்டாம். ஸ்பேனரும் இரண்டு பேரும் இருந்தால் காலையில் ஆரம்பித்து மதியத்துக்குள் முடிக்கலாம். வாங்கும்போது விலை கூடுதல்தான். அந்தக் கூடுதலைக் கொடுங்கள்.

இடம். கழிப்பறைக் குழியிலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது பொறியாளர் பார்த்துக்கொள்ளும் விஷயம். யார் வீட்டுப் பக்கம் என்பது நாம் பார்க்க வேண்டியது. மகாராஷ்டிராவின் ஜாம்கேடில் 1970-ல் கிராம சுகாதாரப் பணியைத் தொடங்கிய மருத்துவத் தம்பதி ராஜ் ஆரோலே, மேபல் ஆரோலே. மருத்துவம் பார்க்கப் போன இடத்தில் மக்களின் முதல் தேவை சோறும் தண்ணீரும் என்று புரிந்துகொண்டார்கள். ஊர்களில் குழாய்க் கிணறு போட்டபோது அவை தலித் மக்கள் வசிக்கும் பகுதியில் அமையும்படி பார்த்துக்கொண்டார்கள். தண்ணீர் வேண்டுமென்றால் மற்றவர்கள் அங்கே வந்துதான் ஆக வேண்டும். இதைச் செய்ய ஒரு பிரசங்கமும் தேவைப்படவில்லை.

படி 5: குழு, பெட்டி, நோட்டு

பராமரிப்புக் குழு அமைப்பது சுலபம். அது இரண்டாம் வருடமும் கூடுவதுதான் கஷ்டம். ஏழு பேருக்கு மேல் வேண்டாம். பாதிக்கு மேல் தண்ணீர் எடுப்பவர்கள், அதாவது பெண்கள், இருக்கட்டும். பொருளாளரும் ஒரு பெண்ணாக இருந்தால் நல்லது, பேருக்கு அல்ல, பெட்டியைக் கையில் வைத்திருக்கும் பொருளாளராக.

பெட்டிக்கு நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. 1991-ல் மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜரில் கேர் என்ற சர்வதேசத் தொண்டு நிறுவனம் கிராமப் பெண்களோடு தொடங்கிய சேமிப்புக் குழுக்களின் வடிவம் இப்போது பல நாடுகளில் பரவியிருக்கிறது. அதன் அடையாளம் மூன்று பூட்டுப் போட்ட பெட்டி. சாவி மூன்று பேரிடம், பெட்டி நாலாவது ஒருவர் வீட்டில். எல்லோரும் கூடியிருக்கும்போதுதான் திறக்க முடியும், பணம் எல்லோர் கண் முன்னேதான் எண்ணப்படும். எழுத்தறிவு இல்லாதவரும் அன்றைய மீதி எவ்வளவு என்று மனப்பாடமாக வைத்திருந்து அடுத்த கூட்டத்தில் சொல்வார். இதைவிட நல்ல தணிக்கையை நான் பார்த்ததில்லை.

நோட்டில் நாலு பத்தி போதும்: தேதி, வரவு, செலவு, மீதி. ஒவ்வொரு செலவுக்கும் ரசீதைப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். ரசீது கிடைக்காத செலவுக்கு ஒரு வவுச்சரில் இரண்டு கையெழுத்து. மென்பொருள், செயலி எல்லாம் நம் அலுவலகத்தோடு நிற்கட்டும்.

பணம் கட்டாதவரை என்ன செய்வது? கூட்டத்தில் சண்டை வரும் இடம் இதுதான். பொதுவளங்களை மக்களே எப்படி நிர்வகிக்கிறார்கள் என்று ஆராய்ந்து 2009-ல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் எலினோர் ஆஸ்ட்ரம். பாசனக் கால்வாய், காடு, மேய்ச்சல் நிலம் என்று உலகம் முழுவதும் நீண்டநாள் தாக்குப்பிடித்த ஏற்பாடுகளில் அவர் கண்ட பொதுத்தன்மைகளில் ஒன்று, தண்டனை படிப்படியாக ஏறுவது. முதல் தடவை ஒரு வார்த்தை, இரண்டாவது தடவை சின்ன அபராதம், அப்புறம்தான் கடுமை. விதியை உருவாக்கியவர்களும் அதற்குக் கட்டுப்படுபவர்களும் ஒரே ஆட்களாக இருப்பது இன்னொன்று. ஆகவே விதிகளை நாம் அச்சடித்துக் கொண்டுபோகக் கூடாது. அரைகுறையாக இருந்தாலும் அவர்களே எழுதட்டும், ஆறு மாதத்தில் அவர்களே திருத்துவார்கள்.

படி 6: ஸ்பேனர் யார் கையில்?

பயிற்சிக்கு ஆள் கேட்டால் ஊர் உடனே துடிப்பான இளைஞன் ஒருவனைக் காட்டும். அவன் கற்றுக்கொள்வான், சான்றிதழ் வாங்குவான், அதைக் காட்டி நகரத்தில் வேலைக்குப் போய்விடுவான். அவனைக் குறை சொல்ல முடியாது. பங்கர் ராய் 1972-ல் ராஜஸ்தானின் திலோனியாவில் தொடங்கிய பேர்ஃபுட் காலேஜ் இதற்கு ஒரு பதில் கண்டது. ஊரைவிட்டுப் போகாத நடுத்தர வயதுப் பெண்களையும் பாட்டிமார்களையும் தேர்ந்தெடுத்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் வண்ணங்களையும் வடிவங்களையும் வைத்துச் சூரிய மின்சாரக் கருவிகளைப் பழுது பார்க்கச் சொல்லித் தந்தது. மற்ற நாடுகளிலிருந்தும் பெண்கள் அங்கே வந்து மாதக்கணக்கில் தங்கிக் கற்றுக்கொண்டு போயிருக்கிறார்கள்.

பயிற்சி வகுப்பறையில் வேண்டாம், பம்படியில் நடக்கட்டும். நோயைக் காதால் கேட்கக் கற்றுக்கொடுங்கள். காலையில் முதல் தண்ணீர் வர ரொம்ப நேரம் அடிக்க வேண்டியிருந்தால் இரவில் குழாயில் நின்ற நீர் கீழே இறங்கியிருக்கிறது, அடிவால்வில் கசிவு இருக்கலாம். ஒவ்வொரு அடிக்கும் வரும் தண்ணீர் குறைந்துகொண்டே போனால் வாஷரைச் சந்தேகப்படலாம். பிடி ஆடினால் போல்ட், கிறீச்சென்றால் சங்கிலிக்கு கிரீஸ். தேய்ந்த வாஷரையும் புது வாஷரையும் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து விளிம்பை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு தடவை தடவியவர் மறக்கமாட்டார். பிறகு நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நில்லுங்கள். அவர்கள் தடுமாறும்போது ஸ்பேனரை வாங்கிக்கொள்ளாமல் இருப்பதற்கு நமக்கும் பயிற்சி வேண்டும்.

வாஷரும் போல்ட்டும் எந்தக் கடையில் கிடைக்கும் என்பதை அவர்களையே போய் வாங்கி வரச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். நம் அலுவலக அலமாரியில் உள்ள உதிரிப் பாகத்தை நம்பி எந்தப் பம்பும் ஓடக் கூடாது.

படி 7: நன்கொடையாளரிடம் பேசுவது

சுருக்கமாகச் சொல்கிறேன். எத்தனை கிணறு என்று மட்டும் கேட்கும் நன்கொடையாளரிடம், கூட்டம் போடும் செலவையும் அடுத்த இரண்டு வருடம் போய்ப் பார்க்கும் செலவையும் தனி வரியாகக் காட்டிக் கேளுங்கள். நிர்வாகச் செலவு என்று ஒளித்து வைக்காதீர்கள். தர மறுத்தால் ஒரு கிணற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள், அது எங்கே வரும் என்று சொல்லுங்கள். குழந்தை என்றால் பெற்றோரிடமும் கேட்க வேண்டும். அழுக்குச் சட்டையோடு நிற்கும் குழந்தையின் படம் அதிகப் பணம் கொண்டுவரும் என்று சொல்பவர் எல்லா அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார். அந்தப் பிள்ளை பெரியவனாகி அந்தப் படத்தைப் பார்ப்பான் என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

நம் ஊழியர்மீதே புகார் வந்தால் யாரிடம் சொல்வது என்பதும் ஊருக்குத் தெரிய வேண்டும். அந்த ஆள் அதே ஊழியரின் மேலதிகாரியாக இருக்கக் கூடாது.

படி 8: எண்ணுவதை மாற்றுங்கள்

பயிற்சி பெற்றோர் 120 பேர் என்று எழுதுவது வருகைப்பதிவேடு. அவர்களுக்கு என்ன நினைவிருக்கிறது என்பதைத்தான் எண்ண வேண்டும். ஃபஸ்லே ஹசன் ஆபெத் 1972-ல் தொடங்கிய வங்கதேசத்தின் பிராக் நிறுவனம் 1980 முதல் 1990 வரை வீடு வீடாகப் போய், வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு உப்பும் வெல்லமும் தண்ணீரில் கலந்து கொடுக்கத் தாய்மாருக்குக் கற்றுத் தந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள். ஊழியர் எத்தனை வீட்டுக்குப் போனார் என்பதை வைத்து மட்டும் சம்பளம் தரவில்லை. வேறொருவர் பிறகு சில வீடுகளுக்குப் போய்த் தாயிடம் கேட்பார், கலக்கச் சொல்லிப் பார்ப்பார். அந்தத் தாய் சரியாகச் செய்வதைப் பொறுத்துத்தான் கற்றுக்கொடுத்தவருக்குப் பணம். உப்புக் கூடினால் ஆபத்து என்பதால் இந்தக் கறார் தேவைப்பட்டது.

பம்புக்கு இதே வழியில் மூன்று விஷயத்தை மட்டும் எண்ணுங்கள்: கெட்ட தேதி, சரியான தேதி, சரிசெய்தவர் பெயர். இரண்டு தேதிக்கும் நடுவில் உள்ள நாட்கள் குறைந்துவருகின்றனவா? மூன்றாவது பத்தியில் நம் ஊழியர் பெயர் வருவது நின்றுவிட்டதா? இந்த இரண்டும் என் கணக்கில் முப்பது பக்க அறிக்கைக்குச் சமம்.

படி 9: கிளம்புவது

ஒப்பந்தத்தில் எழுதிய தேதிக்கு ஆறு மாதம் முன்பே குறைத்துக்கொள்ளத் தொடங்குங்கள். வாரம் ஒரு முறை போனவர் மாதம் ஒரு முறை போகட்டும். கூட்டத்தில் நம் நாற்காலி பின்வரிசைக்குப் போகட்டும், அப்புறம் இல்லாமல் போகட்டும். பம்பு கெட்டுவிட்டது என்று தொலைபேசி வரும். “பெட்டியில் எவ்வளவு இருக்கிறது? ஸ்பேனர் யாரிடம் இருக்கிறது?” என்று மட்டும் கேளுங்கள். நான் அப்படிக் கேட்ட முதல் தடவை மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “சரிங்க, நாங்களே பாக்குறோம்” என்று கோபமாக வைத்துவிட்டார்கள். மூன்று நாளில் தண்ணீர் வந்துவிட்டதாக வேறொருவர் மூலமாகத்தான் தெரிந்துகொண்டேன்.

கடைசி நாளில் ஆய்வகச் சான்று, வரைபடம், ஒப்பந்தம், பம்பின் விவரம், கடை முகவரி எல்லாவற்றின் பிரதிகளையும் குழுவிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். உள்ளாட்சி அலுவலகத்துக்கும் ஒரு தொகுப்பு போகட்டும்.

இரண்டு வருடம் கழித்து, முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு தடவை போங்கள். நேராகப் பம்படிக்குப் போங்கள். சங்கிலியில் கிரீஸ் புதுசா, காய்ந்திருக்கிறதா? சிந்தும் தண்ணீர் ஓடும் கால்வாய் அடைத்திருக்கிறதா? பிறகு பொருளாளர் வீட்டுக்குப் போய் நோட்டைக் கேளுங்கள். கடைசிப் பக்கத்தில் உள்ள தேதியைப் பாருங்கள். அதில் உள்ள கையெழுத்து நீங்கள் பயிற்சி கொடுத்தவருடையதாக இல்லாமல், உங்களுக்கு அறிமுகமே இல்லாத ஒருவருடையதாக இருந்தால், அவர் யார் என்று விசாரித்துப் போய்ப் பாருங்கள். அவருக்கு உங்களைத் தெரிந்திருக்காது.